பார்க்கிங் குற்றம்

"என் கார் இருக்கிற பக்கங்களை மட்டும் கிழிச்சிருங்களேன் அண்ணே!"

காரில் மறந்து வைத்த மனுவை எடுக்க வந்த டாக்டர் காமினி கெஞ்சியே விட்டாள். பார்க்கிங் காவலர் வாசு நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஏன் டாக்டர் என் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறீங்க? ஒவ்வொரு காரும் உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம் ரெண்டையும் எழுதணும். சூப்பர்வைசர் சைன் போடணும். ஆர்டர் லா. அதோட, காலையிலயே போட்டோஸ்டாட் எடுத்து ஆபீசுக்குக் கொண்டு போயிட்டாங்க."

காமினி காரிலிருந்து மனுவை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஜார்ஜ் டவுனில் ஓர் அரசு மருத்துவமனை. பெயர் எதற்கு? அங்கே டாக்டர்கள் காரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. மாலை ஷிப்ட் தாதியருக்கு இடம் வேண்டும். காமினி அந்த விதியை மீறாத நாளே கிடையாது. அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரே ஒரு கடிதம் வந்தால் போதும், வேலை நீட்டிப்பு அம்பேல்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா! மூன்று மணிக்கு மருத்துவர் சங்கத்தின் மனுவை வாங்க மேலிடத்திலிருந்து அதிகாரி வந்திருக்கிறார். வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வை, காலி இடங்களை நிரப்பு என்று ஒரு வருடம் கத்திய பிறகு இன்றுதான் கதவு திறந்திருக்கிறது. சங்கத்தின் கிளைச் செயலாளர் சாட்சாத் காமினிதான்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடினாள். நான்காவது மாடியில் கிளைத் தலைவர் டாக்டர் ஃபிக்ரி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"மனுவுக்கு எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்து போட்டாங்க?"

"ஒருத்தரும் இல்ல சார். எல்லாருக்கும் கான்ட்ராக்ட் பயம்."

"அப்ப நம்ம கையில என்னதான் இருக்கு?"

"வாய் இருக்கு சார்."

உள்ளே அதிகாரி குகன் சுற்றி வளைக்கவில்லை. மலாயில் வணக்கம் சொன்னவர், எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள் என்றதும் தமிழுக்கு மாறி, ஒரு தாளை நீட்டினார்.

"ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை செய்றோம்னு மனுவுல எழுதியிருக்கீங்க. விரல் வைக்கிற மெஷின் என்ன சொல்லுது பாருங்க. டாக்டர் காமினி, சாயந்திரம் அஞ்சு ரெண்டு. அஞ்சு நாலு. அஞ்சு மூணு. எல்லாரும் டாண்ணு அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடுறீங்க!"

மெஷின் மீது தப்பில்லை. ஐந்து மணி தாண்டி வெகு நேரம் கழித்து விரல் வைத்தால், நேரத்தோடு வேலையை முடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வரும். அதற்குப் பயந்து எல்லாரும் மணி ஐந்தடித்ததும் கீழே இறங்கி வந்து விரலை வைத்துவிட்டு, மறுபடியும் வார்டுக்கு ஏறிப் போவார்கள். தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கூட்டம்.

"விரல் வச்சிட்டு திரும்ப மேலதான் சார் போறோம்," என்றாள்.

"யார் பார்த்தா? எழுத்துல இருக்கா?"

இல்லை. ஆனால் மனுவை விடவும் முடியாது. போன மாதம் தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவை மாற்றி எழுதப் போனாள் காமினி. தாதி நோர்மாதான் சட்டென்று கையைப் பிடித்துத் தடுத்தார். அடுத்த தடவை நோர்மா பக்கத்தில் இல்லாவிட்டால்? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்படின்னா இந்த மனுவை நான் மேல கொண்டு போக முடியாது." குகன் கோப்பை மூடினார். "சரி, இன்னொரு விஷயம். இது உங்க மேல வந்திருக்கிற புகார்."

மேசையில் ஒரு தாள்கட்டு விழுந்தது. வாசுவின் கோணல் எழுத்தை ஒரு மைல் தூரத்திலிருந்தும் அடையாளம் சொல்லலாம்.

"சங்கம் சங்கம்னு பேசுறீங்களே, பார்க்கிங் ரூல்ஸை முதல்ல மதிக்கிறீங்களா? உங்களோட சேர்த்து முப்பத்தோரு டாக்டர். பதினாலு மாசம்! பக்கத்துக்குப் பக்கம் சூப்பர்வைசர் சைன், ஆஸ்பத்திரி முத்திரை. ஆபீஸ் ரெக்கார்டு லா இது. இதை நீங்க மறுக்கவே முடியாது!"

காமினி தாளை இழுத்துப் பார்த்தாள். முதல் வரியில் அவளுடைய கார் எண். உள்ளே, காலை 5.40. வெளியே, இரவு 9.50. அடுத்த நாள் உள்ளே, காலை 5.35. வெளியே, இரவு 10.05.

இரண்டு நேரத்துக்கும் நடுவே விரல் விட்டு எண்ணினாள். தாளை ஃபிக்ரியின் பக்கம் நகர்த்தினாள். படித்த ஃபிக்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒத்துக்கிறீங்களா இல்லையா?" என்று அதட்டினார் குகன்.

"ஒரு வரி விடாம ஒத்துக்கிறேன் சார், இதை அப்படியே எங்க மனுவோட சேர்த்துக் கட்டிருங்க!"