கரடிக்கு இடம் பத்தாது

நாலெட்டு வைத்தால் கரடிக்குச் சுவர் வந்துவிடும். திரும்பி நடந்தால் மறுபடியும் சுவர். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அது அப்படியே நடந்துகொண்டிருக்கும். பெரிய கூண்டு வேண்டும் என்று அதைப் பராமரித்த பெண் மிருகக்காட்சிசாலை மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "பாக்கலாம்மா" என்பார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

கோடையில் கரடி செத்துப்போனது. கூண்டைக் கழுவிப் பூட்டினாள்.

அதற்கப்புறம்தான் புகார்கள் வரத் தொடங்கின.

"அக்கா, அந்தக் கரடிக்கு என்ன ஆச்சு? பாவம், நிக்காம நடந்துகிட்டே இருக்கே" என்றாள் பார்க்க வந்த ஒருத்தி.

"அது செத்துப்போச்சும்மா."

வந்தவள் முறைத்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த வாரமும் சிலர் போனார்கள்.

மேலாளர் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார். "காலிக் கூண்டுக்கு எப்படிம்மா புகார் வரும்? என்ன கதை கட்டிவிட்டே?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் வாயத் திறக்கல, சார். இப்ப நீங்களே வந்து பாருங்க."

வந்தார். உச்சி வெயில். கம்பிக்குப் பின்னால் அவள் கண்ணுக்கு வெறும் சிமெண்டுத் தரைதான் தெரிந்தது. அவர் ஏதோ திட்ட வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை மெல்ல இடப்பக்கம் போனது. திரும்பி வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம் போனது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு இந்த இடம் பத்தவே பத்தாதேம்மா. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"