மேசைச் சத்தம்

நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தான பிறகு, பாராளுமன்றத்தில் மேசை தட்டி ஆதரிக்கும் உரிமை வீடுகளுக்கும் கிடைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டினால் போதும், அங்கே கணக்கில் ஏறிவிடும்.

திரையில் நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்டத்துக்காக வாதாடினார். "துறைமுகம் எழுந்தால்தான் நாடு எழும். ஆகவே நோயாளர் வீடுகளுக்கு வழங்கும் ஒட்சிசனை நிறுத்துகிறோம்."

கணவனின் ஒட்சிசன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட வீட்டில ஒருத்தருக்கும் இழுப்பு வரேல்லையோ?" என்று மேசையில் ஓங்கி அடித்தாள்.

"அடிக்காதையும்!" கணவன் மூச்சிளைத்தபடி அவள் கையைப் பிடித்தான். "ஆதரவெண்டு எண்ணிப்போடுவாங்கள்."

அவள் திடுக்கிட்டு நிறுத்தினாள். அக்கம்பக்கத்து வீடுகளிலோ வசவும் மேசை அடியும் வலுத்துக்கொண்டிருந்தன. "அடிக்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அந்தச் சத்தத்தில் அவள் குரல் எவருக்கும் கேட்கவில்லை.

எல்லா வீட்டுத் திரைகளிலும் அமைச்சர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

"இப்படியொரு ஆதரவை இந்த அவை கண்டதில்லை."