செம்மலை

லொரெய்னின் கழுத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, துருச்சிவப்பில் ஒரு விரல் தடம் இருந்தது. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்த அவள் அதைக் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் வென்டெல் கவனித்தான்.

அந்த நிறம் அவனுக்குத் தெரியும். காலையில் டெஸ்மண்ட் கைகுலுக்க வந்தபோது அதே சிவப்பு அவன் கையிலும் இருந்தது. துணியில் துடைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான்.

பட்டறையில் வேலை அதிகமா என்று வென்டெல் கேட்டான். அதிகம்தான், ஆனால் டெஸ்மண்ட் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்ததில் களைப்புத் தெரியவில்லை என்றாள் லொரெய்ன். பிறகு எழுந்துபோய்க் குழாயடியில் சோப்புப் போட்டு நகங்களை வெகுநேரம் தேய்த்தாள்.

வென்டெல் தட்டைத் தள்ளி வைத்தான்.

பர்பேங்க் நகரில் அவர்கள் வேலை பார்த்த ஸ்டுடியோ, படம் எடுப்பதைவிடக் கேளிக்கைப் பூங்கா கட்டுவதில்தான் இப்போது மும்முரமாக இருந்தது. ஃப்ளோரிடாவில் தொடங்கி ஜப்பான், ஸ்பெயின் என்று கடல் தாண்டிப் பரவி, அடுத்ததாக வியட்நாமில் கால் வைத்திருந்தது. வெளிநாட்டுப் பூங்காக்களுக்குத் திட்ட அதிகாரி வென்டெல். எங்கே எது எழும்ப வேண்டும், யார் போய் எழுப்ப வேண்டும் என்பதில் அவன் சொல்லுக்கு எடை உண்டு.

பூங்காக்களுக்கான குகைகளும் பாறைகளும் சிமென்டில் உருவாகும் பட்டறைக்கு டெஸ்மண்ட் தலைவன். மனைவியைப் பிரிந்தவன், பேச்சுக்காரன். லொரெய்ன் வேலை பார்த்ததும் அங்கேதான்.

வென்டெல் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டிருந்தான். கடைசியாகப் போனபோது சாரத்தின் மேல் அவள் நின்று சிரிக்க, கீழிருந்து டெஸ்மண்டும் சிரிக்க, இவன் வந்ததை இருவருமே பார்க்கவில்லை. வீட்டில் அவள் வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே டெஸ்மண்ட் பெயர் வந்துவிடும். உடனே இவன் தொலைக்காட்சியில் பேஸ்பால் போட்டுவிடுவான்.

மறுநாள் ஆலோசனைக் கூட்டத்துக்கு வியட்நாம் பூங்காவின் நடுநாயகமான செம்மலையின் மாதிரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். மழை அரித்த விளிம்பு, வேர் பிளந்த வெடிப்பு, வெயில் குடித்த சிவப்பு என்று எல்லாம் அப்படியே இருந்தன.

நிர்வாகத் தலைவர் ஓர்டேகா அம்மையார்தான் முதலில் பேசினார். இதை நிஜ அளவில் கட்ட மூன்று வருடம் ஆகும், பொறுப்பேற்று அங்கேயே தங்கப்போவது யார் என்று கேட்டார்.

மூன்று வருடம். வென்டெல் எழுந்து நின்றான். இருபது வருடத்தில் அவன் யாரையும் அப்படிப் புகழ்ந்து எவரும் கேட்டதில்லை. உலகத்தில் எத்தனையோ பூங்காக்களைப் பார்த்தவன் நான், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்றான். கல்லுக்கு வயது கொடுக்கத் தெரிந்த கை இது என்றான். பேசப் பேச அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. அது பொறாமையில் உயர்ந்தது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"வென்டெல், ஒரு நிமிஷம்..." என்று டெஸ்மண்ட் குறுக்கிட்டான். அவன் முகம் சிவந்திருந்தது.

"அடக்கம்லாம் அப்புறம் டெஸ்மண்ட்" என்று அவனை உட்கார வைத்துவிட்டு, வென்டெல் ஓர்டேகாவைப் பார்த்தான். "இந்த மலையைச் செஞ்ச ஆளை விட்டுட்டு வேற யாரை அனுப்பினாலும் நான் ஒத்துக்க மாட்டேன் மேடம்."

ஓர்டேகா புன்னகையோடு தலையசைத்தார். ஜப்பானிலிருந்து வந்த அழைப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு வென்டெல் அறையைவிட்டு வெளியேறினான். டெஸ்மண்டின் நன்றியைக் காதால் கேட்கும் தெம்பு அவனுக்கில்லை.

சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் லொரெய்னுக்குப் பிடித்த பீச் பழக் கேக்கும் ஒரு புட்டி வைனும் வாங்கினான். மூன்று வருடத்தில் எதுவும் ஆறிப்போகும், மறந்துபோகும் என்று நினைத்தபோது காரின் ரேடியோவோடு சேர்ந்து பாடக்கூடத் தோன்றியது.

அவள் வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. விஷயம் எட்டிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. டெஸ்மண்ட் போவதற்கு இவ்வளவு கண்ணீரா என்று நெஞ்சுக்குள் பழைய தீ மீண்டும் பற்றியது.

லொரெய்ன் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அப்படி அவள் கட்டிக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டதில்ல நீ. அங்க அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினியாமே. ஓர்டேகாவே கூப்பிட்டுச் சொன்னாங்க."

வென்டெலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தபடி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"டெஸ்மண்ட் எப்போ கிளம்பறான்?"

அவள் விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவன் எதுக்குக் கிளம்பறான்? மலையைச் செஞ்சவ நான்தானே போகணும்!"