திங்கக்கிழமைத் துணிப்பை

"உங்க பண்ணைச் சிப்பி பூரா பிளாஸ்டிக் சித்தப்பா!"

ரிப்போர்ட்டை அவர் மேஜையில அடிச்சேன்.

சிப்பிப் பண்ணைக்காரங்க சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அசரவே இல்ல.

"வாங்க விஞ்ஞானி. முதல்ல உக்காரு."

"உக்கார வரல. ஒவ்வொரு சிப்பிக்குள்ளயும் நீல இழை. மைக்ராஸ்கோப்புல நானே எண்ணினேன். இங்க நீல நைலான் கயித்துல சிப்பி வளர்க்கிறது நீங்க ஒருத்தர்தான். அது வெயில்ல இத்துப்போய்த் தண்ணியில கலக்குது!"

"மாசாமாசம் ஆபீசர் வந்து டெஸ்ட் பண்றாரே?"

"அவர் கிருமியை மட்டும்தான் பார்ப்பார். பிளாஸ்டிக்குக்கு விதியே கிடையாது. அந்தத் தைரியம்தானே உங்களுக்கு?"

"இது வெளிய வந்தா என் சிப்பியை ஒருத்தரும் தொடமாட்டாங்கம்மா."

"தொட வேணாம்! நாளைக்கே பேப்பருக்குக் குடுக்கிறேன். 'ஆய்வுக்குச் சிப்பி தர முடியாது'ன்னு எங்க காலேஜுக்கு லெட்டர் வந்துதே, கீழ யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். சங்கமே சேர்ந்து முடிவு பண்ணினா, செயலாளர் எழுதித்தானே ஆகணும்?"

"நல்லா மழுப்புங்க! உங்க கூட்டத்துலயும் மனசாட்சி உள்ளவர் ஒருத்தர் இருக்கார். திங்கக்கிழமை தவறாம லேப் வாசல்ல சிப்பி வெச்சிட்டுப் போறார். பேர் கிடையாது. ஈரத் துணிப்பை, வாயில ரெட்டை முடிச்சு. உங்க சரக்கை உங்களுக்கே தெரியாம எடுத்துட்டு வர்றார்!"

"ஏன், பிளாஸ்டிக் பை கிடைக்கலையாமா?"

"அதுல வெச்சா பையோட பிளாஸ்டிக்கும் எண்ணிக்கையில சேர்ந்துடும். உங்களைவிட விவரமானவர். அவர் கால்ல விழுங்க!"

சித்தப்பா எழுந்து உள்ள போனார். திரும்பி வந்து என் ரிப்போர்ட் மேல ஒரு பையை வெச்சார்.

ஈரத் துணிப்பை. வாயில ரெட்டை முடிச்சு.

நான் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

"இது நார்க் கயித்துல வளர்ந்தது. நீல இழை குறைஞ்சிருக்கான்னு எண்ணிப் பாரு. பேப்பருக்கு ரெண்டு எண்ணிக்கையையும் குடு" என்றார் சித்தப்பா. "இந்தத் தடவை பையில என் பேரையும் எழுதிக்கோ."