பேசினால் பதிவாகிவிடும்

"இன்னா தைரியம்! ஆம்பூர்ல கல்யாணம், பிரியாணிக்கு வாணியம்பாடி சமையல்காரராம். இப்பவே சம்பந்திக்கு போன் போட்டு, நிக்காஹே வேணாம்னு சொல்லிடறேன்!"

ஷபீ அஹமது செல்போனை எடுத்தார்.

"அப்பா, பேசாதீங்க!" என்று தடுத்தாள் மணப்பெண் இரம். "நீங்க பாடின கல்யாணப் பாட்டை மிக்ஸிங் பண்ண, ரெக்கார்டர்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டிருக்கேன். குரல், தபலா, கீபோர்டுன்னு ஒவ்வொரு டிராக்கா ஏறுது. நீங்க வாசல்ல நின்னு கத்தினாலும் அதுல விழுந்துடும். அப்புறம் பாட்டே பேஜாராயிடும்."

தன் பாட்டாயிற்றே! வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து, அண்ணன் தபரேஸ் இரமின் காதருகே குனிந்தான்.

"கேபிள் வழியாத்தானே போவுது? வெளிய பேசினா எப்படி ஏறும்?"

"ஏறாதுண்ணா. அப்பா கோவம் ஒரு மணி நேரம் தாங்காது. அதான், ஏத்தின பாட்டையே ரெண்டாவது தடவ ஏத்தறேன்."