சரியாக நாலு மணிக்கு

தருமராசா பிரையனின் படம் போட்ட பட்டனைக் கோட்டில் குத்திக்கொண்டார். குசினிக்குள் மனைவி தவநாயகி ஒரு சட்டியைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

"வெக்கமில்லையோ? என்ரை அண்ணன்ரை பொடியனைத் தீவுக்கு அனுப்பினவனுக்கு நீங்கள் ஆள் பிடிக்கிறியள்!"

இரண்டு கிழமையாக அவள் அவரோடு பேசியது இந்த ஒரு வசனம்தான். நாளுக்கு ஒருமுறை பேசினாள்.

படகில் அடைக்கலம் தேடி வருகிறவர்களைத் தீவு முகாமுக்கு அனுப்பும் சட்டம் அந்த 2012ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்கு வந்தபோது, தொகுதி எம்.பி. பிரையன் ஆதரித்து வாக்களித்தார். அதற்குப் பிறகு வந்த படகில் தவநாயகியின் அண்ணன் மகன் யதுஷன் இருந்தான். இப்போது தீவில் இருக்கிறான்.

அந்த வாக்குக்காகவே ஹெலன் என்ற ஆசிரியை, "அடுத்த தேர்தலில் அவருக்குப் பதில் நான் நிற்கிறேன்" என்று கட்சிக்குள்ளேயே எழுந்துவிட்டார். யார் வேட்பாளர் என்பதைக் கட்சி உறுப்பினர்கள் இன்று ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் வாக்குப்போட்டு முடிவுசெய்ய வேண்டும்.

உறுப்பினர்களில் தருமராசாவைத் தவிர முப்பத்தொரு பேர் தமிழர். பிரையன் கடிதம் கொடுத்து விசா கிடைத்த ஒரு மாமியாராவது அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தார். "உதவி செய்த மனுசனுக்கு எதிரா எப்பிடி அண்ணை வோட்டுப் போடுறது?" என்று அவர்களில் ஒருவரான சிறிதரன் கேட்டார். மறுநாளே தருமராசா பிரையனின் பட்டனை வாங்கிக்கொண்டார்.

பிரையனுக்குத் தமிழ்ச் சங்கச் செயலாளர் தருமராசா மீது தன் மனைவியிடம்கூட இல்லாத நம்பிக்கை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொங்கல் விழாவும் பிந்தியதில்லை. எம்.பி. அலுவலகத்துக்கு ஆங்கில அழைப்பிதழ், சனத்துக்குத் தமிழ் அழைப்பிதழ், இரண்டையும் தருமராசாவே தன் கையால் எழுதுவார். பிரையன் வந்து இறங்கும்போது மண்டபம் நிறைந்திருக்கும். "தமிழர்களைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தலாம்" என்று அவர் மேடைதோறும் சொல்லி வந்தார்.

மண்டப வாசலில் பிரையன் மெதுவாகக் கேட்டார். "உங்கள் ஆட்களுக்கு நேரம் தெரியும்தானே, தாரு?"

"நாலு மணி. பெரிய எழுத்தில் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன்" என்று தருமராசா ஆங்கிலத்தில் சொல்லி, தமிழ்த் துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். அதிலிருந்த '4' பிரையனுக்கும் விளங்கியது.

நாலு மணிக்குத் தருமராசா முதல் ஆளாகப் போய், சொன்ன சொல் தவறாமல் பிரையனுக்கே வாக்குப்போட்டார். நாலரைக்குக் கதவைப் பூட்டி எண்ணினார்கள். ஹெலன் பதினாலு வாக்கால் வென்றார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, பட்டுச் சேலைகளும் வாசனைத் தைலமுமாக ஒன்பது கார்கள் வந்து நின்றன. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நாகலட்சுமி அன்ரி திகைத்துப்போனார்.

"என்ன தருமர் இது? நாங்கள் வேளைக்கெல்லோ வந்தனாங்கள்!"

பிரையன் பிரசுரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நாலுதான் இருந்தது. தருமராசாவின் கையைக் குலுக்கி, "உங்கள்மேல் பிழையில்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று இரவு தவநாயகி பொரித்த மீனில் பெரிய துண்டை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு புது வசனம் பேசினாள்.

"இஞ்சேருங்கோ, சனத்துக்கு அப்பிடி என்ன பொய் சொன்னனீங்கள்?"

தருமராசா பட்டனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொய்யோ? இந்தமுறைதான் இங்கிலீசில போடுற நேரத்தையே தமிழிலயும் போட்டனான்."