மனைவி பெயரில் ஒரு புள்ளி

கொல்லைப்புறத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, வியாழன் கிரகத்தின் மேல் ஒரு கறுப்புப் புள்ளியைப் படம்பிடித்துவிட்டார் பேராசிரியர். உலகில் வேறு யார் கண்ணிலும் படாத புள்ளி! அதற்கு மனைவியின் பெயரையே சூட்டினார். அன்று முதல் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று மாலை உறவினர் முன்னிலையில் நேரடிக் காட்சி. திரையில் வியாழன் பளிச்சென்று வந்தது. புள்ளியைக் காணோம்.

"என்ன மாமா, அக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா?" என்றான் மைத்துனன்.

பேராசிரியர் திருகாத திருகில்லை. வியர்வைதான் வந்தது.

மனைவி காதோரம் குனிந்தாள். "பதறாதீங்க. இத்தனை பேர் வர்றாங்களேன்னு காலையிலயே கேமராவைத் திறந்து துடைச்சு வச்சேன். உள்ளே கண்ணாடியில கறுப்பா ஒரு தூசிங்க!"

"அந்தத் துணி எங்கே?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"துவைச்சுக் காயப்போட்டாச்சே!"